பத்து டன் தாங்கும் தூரி

நாமக்கல்லிலிருந்து மல்லசமுத்திரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னல் பக்கம் இருந்தவர் ஒரு பூங்காவின் பொறுப்பாளர் போல. அங்கிருக்கும் ஊஞ்சலைப் பற்றிப் பேச்சு.

“நம்ம தூரி பத்து டன் தாங்குமுங்கக்கா. புள்ளைங்க உக்காந்தாத்தான் அசைய மாட்டேங்குது.”

“ஏனாம்?”

“லாரி பாடி கட்டற பட்டறைல இனாமாச் செஞ்சு குடுத்தாங்க. லாரிக்குப் போடற பலகை, லாரிக்குப் போடற சங்கிலி.”

“அட சாமி!”

“வாக்கிங் சங்கத் தலைவர் ஒருத்தர் இருக்காருங்க. சும்மா தொங்கற தூரி எதுக்கு, எடுத்துப்போட்டு பெஞ்சு போடுங்கன்னு மனு எழுதிட்டாரு. உனக்குப் பூங்கா நடத்தத் தெரியலைன்னு என்னைய வேற சொன்னாரு.”

“நீ சும்மாவா உட்ட?”

“சண்டை போடலீங்க. நாலு புள்ளைங்களை ஏத்தி உக்கார வெச்சு, ஐயா, போறப்ப ஒரு தள்ளு தள்ளி உடுங்கன்னேன். தள்ளுனாரு. இன்னும் தாத்தா, இன்னும் தாத்தான்னு ஒரே கூச்சல். அன்னைக்கு அவரு வாக்கிங்கே போகல.”

“மனுவைத் திருப்பி வாங்கிட்டாரா?”

“வாங்கிட்டாருங்க. நேத்து வேற மனு குடுத்திருக்காரு.”

“இப்ப என்னவாம்?”

“சங்கத்து ஆளுங்க தள்ளறதுக்கு வரிசைல நிக்கறாங்களாம். இன்னொரு தூரி வேணுமாம். அதுக்கும் லாரிப் பலகைதான் போடோணுமாம்.”

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.