நீலம் ஓட்டின வாரம்

— போதும் ஊத்தினது! கதவைத் திறங்க முதல்ல.

— வரேன்டி! பாத்ரூமுக்குள்ள கூட ஒரு மனுஷனுக்கு நிம்மதி கிடையாதா இந்த வீட்ல?

— கழுவுற சத்தம் தெருவுக்கே கேக்குது. திறக்கிறீங்களா, தாழ்ப்பாளைப் பேத்து எறியட்டுமா?

— இந்தா, திறந்துட்டேன். என்ன இப்ப?

— அந்த ஓரத்துல பாருங்க. குனிஞ்சு பாருங்க. சிவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கே, என்ன அது?

— அதுவா... சாயம்.

— சாயமா!

— பின்ன? சாயப் பட்டறைக்காரனுக்குப் பன்னீரா வரும்? அங்க எல்லாருக்கும் மூத்திரம் கலர் கலராத்தான் போகும். பக்கத்துத் தொட்டிக்காரன் துணிக்கு மஞ்சள் சாயம் ஓட்டினான்னு வையி...

— வாயை மூடுங்க. அதே பட்டறையில துணி காயப் போடுறவதான் நானும். என்கிட்டயே கதை விடுறீங்களா? இந்த வாரம் என்ன கலர் ஓட்டினீங்க?

— நீலம்.

— நகத்துல நீலம், காது மடல்ல நீலம், போட்டிருக்கிற பனியன்ல நீலம். மூத்திரம் மட்டும் சிவப்பா வருமா?

— போன மாசம் ஓட்டின சிவப்பு உள்ள மிச்சம் இருந்திருக்கும்...

— உங்க வயிறு என்ன சாயத் தொட்டியா, அடியில தங்கி நிக்க?

— ஏய், சிரிப்பு மூட்டாத.

— நான் சிரிக்கிற மாதிரியா இருக்கேன்? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... இது எத்தனாவது தடவை?

— இதான் முதல் தடவை.

— பொய்.

— சரி... முன்னாடியும் வந்துச்சு. தானா நின்னுடுச்சுடி. அப்புறம் தெளிவாத்தான் போச்சு. வலி இல்ல, எரிச்சல் இல்ல. வலிச்சா டாக்டர்கிட்ட போக மாட்டேனா?

— வலி இல்லாததுதான் வினையே! வலிச்சாக்கூட கல்லு, கிருமின்னு ஏதாவது இருக்கலாமாம். வலியே இல்லாம ரத்தம் போனா, ஒரே ஒரு தடவைதான்னாலும், உடனே காட்டணுமாம். மூத்திரப் பையில கட்டி இருந்தா இப்படித்தான் விட்டு விட்டு வருமாம். நின்னுடுச்சுன்னு நம்பி உக்காரக் கூடாதாம்.

— கட்டியா?

— கட்டியாத்தான் இருக்கணும்னு இல்ல. ஆனா பார்க்காம சொல்ல முடியாதாம். சாயத்துல கிடக்கிறவங்களுக்கு அது வர்ற வாய்ப்பு அதிகமாம். இதுல நீங்க ஊதித் தள்ளுற சிகரெட் வேற!

— என்னடி... ‘வருமாம்’, ‘காட்டணுமாம்’னு அடுக்கிக்கிட்டே போற? யாரு சொன்னா?

— டாக்டரம்மா.

— என் மூத்திரக் கதையை அவங்ககிட்ட போய்ச் சொன்னியா? மானம் போச்சு.

— முந்தியே இந்தக் கறையைப் பார்த்தேன், சொன்னேன். இன்னும் சொல்லுவேன். பட்டறை வாசல்ல நின்னு கத்துவேன். உங்க மானம் பெருசா, நீங்க பெருசா?

— கத்தாதடி. முதலாளி காதுக்குப் போச்சுன்னா என்னை நிறுத்திடுவான்.

— நிறுத்தட்டும். நாசமாப் போற வேலை.

— அது மட்டும் இல்ல... சாயம் இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.

— தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா கழுவிக் கழுவி விட்டீங்க?

— டாக்டர் அந்தப் பேரை வாயைத் திறந்து சொல்லிட்டா... நான் அங்கேயே விழுந்துடுவேன்டி. பயம். போதுமா?

— விழுந்தா நான் தூக்கிக்கிறேன். நாளைக்குக் காலைல கிளம்புங்க. ஆஸ்பத்திரி டோக்கன் வாங்கியாச்சு, ரெண்டு.

— ரெண்டா? எனக்கு எதுக்கு ரெண்டு?

— காலைல சீக்கிரம் எந்திரிக்கணும்.

— இரு இரு. நேத்து தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதானே லீவு போட்ட? டாக்டரம்மாவை எங்க பார்த்த?

— முதல்ல சாப்பிட வாங்க.

— ஏய், மூஞ்சியைத் திருப்பாத. இவ்வளவு நேரம் என்னை வறுத்து எடுத்தியே, இப்ப பதில் சொல்லு. நீ எதுக்குடி ஆஸ்பத்திரிக்குப் போன?

— எனக்கும் மூத்திரத்துல சிவப்புதாங்க. உங்களுக்கு முன்னாடியே. மாசக் கணக்கு தப்பி வருதுன்னு சொல்லிக்கிட்டு நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்.