மல்யுத்தக்காரியின் அம்மா

மாலை வேலை முடிந்து அஜக்ஸ் ஊருக்குப் போகும் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். கழுத்தில் ஒரே மாதிரி அட்டை. ஒரே இடத்தில் வேலை போலும்.

“அக்கா, என்ரை மகளுக்கு ஆக்களைத் தூக்கி எறியக் காசு குடுக்கப்போகினம்,” என்றாள் இளையவள்.

நான் போனைப் பார்ப்பதை விட்டேன்.

“என்னப்பா சொல்லுறீர்?”

“ரெஸ்லிங் அக்கா. அமெரிக்காவில ஒரு கொலிச் ஸ்கொலர்ஷிப் குடுத்திட்டுது. நேற்றுத்தான் கடிதம் வந்தது. வீட்டில ஒரே துள்ளல்.”

“முழுக்கவோ?”

“அரைவாசி.”

மூத்தவள் யோசித்தாள். “இவ்வளவு காலமும் பழக்கிற கோச்சுக்கு, ஹோட்டலுக்கு, பெற்றோலுக்கு எண்டு நீர் குடுத்ததே அவ்வளவு வருமே?”

“அதைவிடக் கூட வரும்!” என்று இளையவள் சிரித்தாள். “ஆனா அக்கா, அவருக்குச் சனி ஞாயிறும் வேலை. அவளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் லைசன்ஸ் எடுத்தனான். முந்தி 401 ஹைவே எண்டாலே நான் ஏறமாட்டன். இப்ப ஸ்னோவுக்குள்ள சட்பரி வரைக்கும் நாலைஞ்சு மணித்தியாலம் கார் ஓடுவன். பக்கத்தில இருந்து அவள் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வருவாள். எந்தப் பிள்ளை இந்த வயசில தாயோடை அவ்வளவு கதைக்குது?”

“அப்ப செப்டெம்பரில ஆர் கொண்டுபோய் விடுறது?”

“நான்தான். அவரும் லீவு எடுத்து வாறார். காரில பதினொரு மணித்தியால ஓட்டம். பிளேனில போவம் எண்டு அவர் கேட்டவர். நான் விடேல்லை.”

“திரும்பி வரேக்கை?”



“வரேக்கை அவர் ஓடட்டும் அக்கா. நான் அழவேணும்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.