குரலோரத்து முடிச்சுகள்

தங்கை: டாக்டர் முகத்தைப் பாத்து அப்படியேவா சொன்னீங்க?

அண்ணன்: அப்படியேதான். கட்டியை எடுங்க, கட்டி இருக்கற நுரையீரல் துண்டையும் சேத்து எடுங்க. மத்ததுல கை வைக்காதீங்கன்னு.

தங்கை: ஜவுளிக்கடையில துணி வெட்டச் சொல்ற மாதிரி.

அண்ணன்: சிரிக்காதே பாப்பா.

தங்கை: யாரு சிரிச்சா? அதுக்கு அவரு...

அண்ணன்: நாளைக்குக் காலையில ஆபரேஷன், சாயங்காலம் ரவுண்ட்ஸ் வரும்போது முடிவா சொல்லுங்கன்னாரு. என்ன முடிவு? சொன்னது சொன்னதுதான்.

தங்கை: எதுல கை வைக்கக்கூடாதாம்? எனக்கும் சொல்லுங்க.

அண்ணன்: சின்னதுல நீ ஆணி மிதிச்சியே, நினைப்பிருக்கா?

தங்கை: மறக்குமா? தொடை இடுக்குல நெறி கட்டி, காலை ஊன முடியாம... உங்க முதுகுல தூக்கிட்டுப் போனீங்க. வழி முழுக்கத் திட்டிக்கிட்டே.

அண்ணன்: திட்டல. புத்தி சொன்னேன்.

தங்கை: உங்க வாயில ரெண்டும் ஒண்ணுதான்.

அண்ணன்: அந்த நெறி கட்டுற முடிச்சு உடம்பு பூரா இருக்காம். நெஞ்சுக்கு நடுவுலயும் இருக்கு. நுரையீரல் கட்டி பரவினா முதல்ல அங்கதான் போய் ஒதுங்குமாம். ஸ்கேன்ல பாத்தாச்சு. எதுவும் வீங்கல. வீங்காததை எதுக்கு நோண்டணும்?

தங்கை: வீங்கலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்லையாமே.

அண்ணன்: யாரு சொன்னா?

தங்கை: உங்க டாக்டர்தான். நீங்க மூச்சு ஊதற டெஸ்டுக்குப் போயிருந்தப்ப, வராண்டாவுல.

அண்ணன்: எனக்குத் தெரியாம...

தங்கை: ஆமா, தெரியாமதான். துளியூண்டு ஒளிஞ்சிருந்தா ஸ்கேனுக்கே தெரியாதாம். முடிச்சை வெளிய எடுத்து லேப்ல பாத்தாதான் இது ஆரம்பக் கட்டம்தானான்னு உறுதியா சொல்ல முடியும்னாரு. அதை வச்சுத்தான் அப்புறம் மருந்து வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணுமாம். விட்டுட்டா... இருட்டுல தடவற கதைதான்.

அண்ணன்: குரலைப் பத்தி சொன்னாரா?

தங்கை: ம்.

அண்ணன்: சொல்லு.

தங்கை: உங்களுக்குக் கட்டி இடது பக்கம். அங்க பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக் கொஞ்சம் முடிச்சு இருக்காம். தொண்டைக்குப் போற நரம்பும் அங்கதான் வளைஞ்சு போகுதாம். அதுல பட்டா குரல் கம்மிப் போகலாம். நிறையப் பேருக்கு ஆகறதில்ல. அப்படியே ஆனாலும் பல பேருக்குத் தானா தேறிடும், பயிற்சியும் இருக்குன்னாரு.

அண்ணன்: ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ணாரா?

தங்கை: சத்தியம் பண்ணி வைத்தியம் பாக்கறவன் தெருமுனையிலதான் கிடைப்பான். கூட்டிட்டு வரவா?

நர்ஸ்: ஐயா, டெம்பரேச்சர்... கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். கடைசி ரூம் வரைக்கும் கேக்குது.

அண்ணன்: மைக் இல்லாமலேம்மா.

தங்கை: இவரு ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொன்னவரு, சிஸ்டர்.

நர்ஸ்: அட... அதான் நேத்துலேருந்து எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்தேன். காலேஜ் போறப்ப தினம் நீங்கதான் என்னை ஓட வைப்பீங்க.

அண்ணன்: ஓடாதீங்கன்னுதானே சொல்லுவேன்?

நர்ஸ்: நீங்க சொன்னப்புறம்தான் ஓடவே ஆரம்பிப்போம் ஐயா... காய்ச்சல் இல்ல. டாக்டர் அந்தக் கடைசியிலேருந்து பாத்துட்டு வர்றாரு. சீக்கிரம் வந்துடுவாரு.

தங்கை: பாத்தீங்களா, போறப்பகூடத் திரும்பிப் பாத்துட்டுப் போகுது அந்தப் பொண்ணு.

அண்ணன்: குரலைத்தான் பாத்துட்டுப் போகுது.

தங்கை: பார்சல் ஆபீஸுக்கு மேல மரப்படி ஏறி உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வருவேனே. கண்ணாடிக்குப் பின்னால நெஞ்சை நிமித்தி உக்காந்திருப்பீங்க. யாருமே உங்களைப் பாக்கமாட்டாங்க, ஆனா சட்டையில ஒரு மடிப்பு இருக்காது.

அண்ணன்: சாஞ்சு உக்காந்து பேசினா குரலும் சாஞ்சுடும்.

தங்கை: வீட்டுல ஐஸ் தண்ணி கிடையாது, ஊறுகாய் கிடையாது. உங்க தொண்டைக்காக நாங்க பத்தியம் இருந்தோம்.

அண்ணன்: அப்பா போட்ட சட்டம் அது.

தங்கை: அப்பா... தலையில எவ்வளவு பெரிய பெட்டி இருந்தாலும் உங்க குரல் வந்ததும் இறக்கி வச்சிடுவாரு. பெட்டிக்காரன் கத்துவான். 'இருங்க சார், பையன் பேசறான்'பாரு. வண்டி எந்த மேடைன்னு நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் அசையமாட்டாரு.

அண்ணன்: ம்... தலையில கட்டின துண்டை அவுத்துக் கையில வச்சிருப்பாரு. கண்ணாடி வழியாத் தெரியும். அதைப் பாத்துட்டா அடுத்த வார்த்தை வர்றது கஷ்டம்.

தங்கை: என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பின அன்னைக்கும் வரல. என் வண்டி பேரைச் சொன்னீங்க, அதோட கப்சிப். கேட்டா மைக் ரிப்பேர்னீங்க.

அண்ணன்: ரிப்பேர்தான்.

தங்கை: அடுத்த வண்டிக்கு எப்படி வேலை செஞ்சதாம்?

அண்ணன்: தட்டினேன், சரியாச்சு.

தங்கை: நல்லாத் தட்டினீங்க... அண்ணே, அதெல்லாம் ஒரு காலம். இப்ப யாருக்கு அறிவிக்கப் போறீங்க? ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. நாலு பேர் மெச்சின குரல்னு உயிரைப் பணயம் வைப்பீங்களா?

அண்ணன்: மூட்டை தூக்கின வீடு பாப்பா. அந்தக் குரல்தான் நம்மளை நிமிர வச்சது. கரகரன்னு இழுத்துக்கிட்டு நாலு பேர் முன்னால நான் நிக்கமாட்டேன்.

தங்கை: இதுதான் காரணமா?

அண்ணன்: இது போதாதா?

தங்கை: போதாது. உங்களுக்கு வீம்பு உண்டு. ஆனா முட்டாள்தனம் கிடையாது.

அண்ணன்: ...அங்க வீட்டுல யாரு இருக்கா?

தங்கை: அண்ணிகூட என் மருமக இருக்கா. பேச்சை மாத்தாதீங்க.

அண்ணன்: அவளை உள் ரூமுக்குள்ள போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லு. உங்க அண்ணிக்குக் கண்ணு சரியில்ல. புது ஆளுன்னா மிரளுவா. நீ வந்தா மட்டும்தான் சிரிச்சுப் பேசறா.

தங்கை: கண்ணுக்கு என்னவாம்?

அண்ணன்: வயசாச்சுல்ல.

தங்கை: போன வாரம் ஊசியில நூல் கோத்தாங்க, என் முன்னாடியே.

அண்ணன்: கதவைச் சாத்து.

தங்கை: சாத்தியாச்சு.

அண்ணன்: கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. உன் புருஷனுக்குக்கூட.

தங்கை: சொல்லுங்க.

அண்ணன்: ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். என்னையே பாத்துட்டிருந்தா. அப்புறம் ரொம்ப மரியாதையா, 'எங்க வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு, தப்பா நினைக்காதீங்க, நீங்க கிளம்புங்க'ன்னா.

தங்கை: உங்களையேவா?

அண்ணன்: நான்தான்னு சொல்லி சண்டையா போட முடியும்? சரிங்கம்மான்னு எழுந்து வெளிய போனேன். மாடியிலேருந்து இறங்கித் தெரு வரைக்கும் போய் நின்னேன். அப்புறம் என்னமோ தோணிச்சு. படியேறி வந்து, வாசல்ல நின்னு ஸ்டேஷன் குரல்ல சொன்னேன். 'கவனிக்கவும்... வீட்டுக்காரர் வண்டி முதலாம் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது.'

தங்கை: அய்யோ அண்ணே.

அண்ணன்: கதவைத் திறந்தா பாப்பா. 'ஏன் இவ்வளவு லேட்டு'ன்னா. சிரிச்சா... கட்டிக்கிட்டு வந்த புதுசுல சிரிச்ச மாதிரி. அன்னையிலேருந்து, எப்பல்லாம் நான் அந்நியனா ஆகறேனோ, அப்பல்லாம் கீழ இறங்கிப் போய் ஏறி வருவேன், வாசல்ல நின்னு சொல்லுவேன். முகத்தை மறந்துட்டா, குரலை மறக்கல. இப்ப அதையும் அறுத்துட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்? யாருன்னு சொல்லிக் கதவைத் தட்டுவேன்?

தங்கை: இதுக்குத்தானா... டாக்டர்கிட்டகூடச் சொல்லாம...

அண்ணன்: பொண்டாட்டிக்கு என்னை அடையாளம் தெரியலைன்னு ஊர் உச்சுக்கொட்டணுமா? அவ பேருக்கு ஒரு குறை வரக்கூடாது. கர்வம் பிடிச்சவன்னு என்னைச் சொல்லிட்டுப் போகட்டும்.

நர்ஸ்: ஐயா, டாக்டர் பக்கத்து ரூமுக்கு வந்துட்டாரு. அடுத்தது நீங்கதான்.

அண்ணன்: வரட்டும்மா. பதில் தயார்... நீ ஏன் கண்ணைத் துடைக்கற? வெளிய எங்கயும் சொல்லிடாதே.

தங்கை: நான் சொல்றவளா? ஒரு வருஷமா அந்த வீட்டுக்கு வர்ற நான் அண்ணிக்கு உங்க தங்கச்சி இல்ல, தையல் டீச்சர். யாருன்னு அண்ணி கேட்டப்ப வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அப்படியே ஆயிட்டேன். உங்க மனசு தாங்காதுன்னு உங்ககிட்டயே மறைச்சேன். நீங்க கடைக்குப் போயிட்டுத் திரும்பறப்பல்லாம் நான் உள்ள இருந்து பாத்திருக்கேன். கீழ் படியில உங்க கால் சத்தம் கேட்டதுமே அண்ணி ஊசியைக் கீழ வச்சிடுவாங்க. தலையைத் தடவிச் சரி பண்ணிக்கிட்டு, 'அவரு வந்துட்டாரு டீச்சர், மீதியை நாளைக்குப் பாப்போம்'னு கதவுகிட்ட போய் நின்னுடுவாங்க. நீங்க வாயைத் திறக்கறதே அதுக்கப்புறம்தான் அண்ணே.