கொட்டாமல் விட்ட பிளாஸ்டிக்

காரைக்கால்மேட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

"மச்சான் காலு ஒடஞ்சதுக்கு நாந்தான்க்கா காரணம்."

"படகுல மீன் வைக்கிற ஐஸ் பெட்டி, கைப்புடி பிஞ்சு அவரு கால்ல விழுந்துச்சு. நீயாடா தள்ளிவுட்ட?"

"பெட்டி எங்க கம்பெனி மெஷின்ல நான் செஞ்சது. உருக்குன பிளாஸ்டிக்ல களிமண் தூளு கலப்போம். தூளு ஏடு ஏடா பிரிஞ்சு பரவுனாத்தான் பலம். அன்னிக்கு மெஷின் நின்னுபோச்சு. உருகுனது சூட்டுலயே ரொம்ப நேரம் கெடந்தா தூளு திரும்பக் கட்டி தட்டிடும், அத வெளிய கொட்டிடணும். வீணாப்போவுதேன்னு நான் கொட்டல, அதுலயே பெட்டி செஞ்சுட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி செஞ்ச பெட்டின்னு தேடி வாங்குனாருடா. அவருகிட்ட சொல்லித் தொலைக்காத."

"சொல்லித்தான் ஆவணும்க்கா. அன்னிக்கு செஞ்ச மத்த பெட்டியும் அவரு படகுலதான் இருக்கு."