எடுக்காத படம்

— கீறலே இல்ல ஜெபர்சன் சார். கைய வெச்சித் தடவிப் பாத்துட்டேன். கண்ணாடி பளிங்காட்டம் கீது. கீறல் கண்டுபுடிக்கிற உங்க ப்ரோக்ராம் மட்டும் செவப்பா வளைச்சி வளைச்சி ஒரு கோடு போட்டு வெச்சிகீது.

— வேற கண்ணாடியோட கோடா இருக்கும் வேல்விழி. பயப்படாதீங்க.

— வேற கண்ணாடியோடது இதுல எப்டி வரும்?

— கேமரா படம் எடுத்து கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டுப் போயிரும். பெல்ட்டு அதுபாட்டுக்கு ஓடும். கோடு வரையுதது பின்னால தனியா நடக்கு. யாரும் யாருக்காவவும் காத்துக்கெடக்க மாட்டாங்க, அப்படித்தான் நான் எழுதியிருக்கேன். காத்துக்கெடந்தா லைன் நின்னுரும்லா? அதுல எப்பவாவது ஒண்ணோட கோடு இன்னொண்ணு மேல விழுந்துரும். அம்புட்டுதான்.

— காலைலயும் இதயேதான் சொன்னீங்க. காலைல கோடு வந்த கண்ணாடிய நான் தனியா ஸ்டாண்டுல நிக்க வெச்சேன். ஒருத்தரும் தொடல. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா வெடிச்சிக் கெடக்குது. கோடு எங்க வளைஞ்சிதோ அங்கயே வளைஞ்சி.

— உள்ள அழுத்தம் இருந்தா கண்ணாடி தானா வெடிக்கும்.

— வெடிக்கும் சார். கார் கண்ணாடியோடயே குடும்பம் நடத்திக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? ஆனா நட்ட நடுவுல கொக்கியாட்டம் சுழிச்சிக்கினா வெடிக்கும்? உங்க படத்த பிரிண்ட்டு எடுத்து மேல வெச்சிப் பாத்தேன். மயிரிழை வெலகல.

— ...இத யார்ட்டயும் சொன்னீங்களா?

— சூப்பர்வைசராண்ட சொன்னேன். ‘இன்னா, பேய்ப் படம் பாத்துட்டு வந்து கீறியா’ன்னு சிரிக்கிறாரு.

— நான் ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கப்புடாது. முந்தாநாள் கோடு வரையுத பகுதிய முழுசா நிறுத்திட்டு, படத்த மட்டும் ஓட விட்டேன். அப்பவும் கோடு வந்துச்சு.

— அடப்பாவி! அப்பவே சொல்றதுக்கு இன்னா?

— என்னத்தச் சொல்ல? எழுதுனவன் நானு. எனக்கே வெளங்கலன்னு சொன்னா மறுநாள் எங்க ஊரு நாசரேத்துக்கு பஸ் ஏத்தி விட்டுருவாங்க.

— சரி, அத்த வுடுங்க. உங்கள இந்தக் கம்ப்யூட்டர் ரூமுக்கு இட்டாந்தது இதுக்குத்தான். இப்ப வந்த படம். பாருங்க.

— இதென்ன... கை மாதிரில்லா தெரியுது?

— ஏழாவது டேபிளு. கண்ணாடி மேல குறுக்கால நீட்டிக்கினு கீற கை. நீல கவுன், ரப்பர் கிளவுஸ். மணிக்கட்டுலேர்ந்து மொழங்கை வரைக்கும் அந்தச் செவப்புக் கோடு போவுது பாருங்க.

— ஆண்டவரே! ஏழுல இன்னைக்கு யாரு?

— சக்திகுமாரு. சுங்குவார்சத்திரத்துல உங்ககூட ஒரே ரூம்ல கீறானே, அவந்தான்.

— லைன நிறுத்தச் சொல்லுங்க!

— சொல்லாமயா இருப்பேன்? ‘கோட்டப் பாத்து லைன நிறுத்துனா நாளைக்கி நீ கேட்டுக்கு வெளிய நிப்ப’ன்னுட்டாரு சூப்பர்வைசரு.

— அவனுக்குப் போன் போடுங்களேன்.

— லைன்ல நிக்கிறவனுக்குப் போன் ஏது? லாக்கர்ல வெச்சிட்டுத்தான உள்ள போறானுங்க.

— அப்ப நானே போறேன். என் போன்ல பேசிக்கிட்டே இருங்க, கட் பண்ணிராதீங்க. வேற படம் வந்தா சொல்லுங்க.

— சார், கேக்குதா? எங்க கீறீங்க?

— வாசல்ல. கவுன் மாட்டுதேன், இல்லாம உள்ள விட மாட்டேங்கான்.

— கிளவுஸும் போட்டுக்கோங்க. கண்ணாடி கைய அறுத்துடும்.

— போட்டாச்சு. அந்தா நிக்கான். ஏ சக்தி! கைய எடுல! எடுங்கேன்ல! இங்கிட்டு வா... வேல்விழி, வந்துட்டான். ரெண்டு கையயும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்ல. பயந்து போயி முழிக்கான்.

— அப்பாடா! மாரியாத்தா காப்பாத்திட்டா.

— ஆனா பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்கு. ஏழுல ஆளு இல்ல. கண்ணாடி வந்து வந்து முட்டுது.

— ஒடச்சிடப் போவுது! டேபிளுக்கு அந்தாண்ட செவப்பு பட்டன் கீது பாருங்க, அத்த அமுக்கிட்டு வந்துடுங்க. வேலை போனா போவட்டும், நான் சொன்னேன்னு சொல்லுங்க.

— சரி, எட்டுதான்னு பாக்குதேன்.

— பாத்துப் பண்ணுங்க. நான் அந்தப் படத்த பெருசாக்கிப் பாத்துக்கினு கீறேன். கவுன் கை கொஞ்சம் மேல ஏறிகீது... உள்ள இன்னாவோ மினுக்குது. வாட்ச்சு. லைன் ஆளுங்க வாட்ச்சு கட்டக்கூடாதே. சார், இது சக்தி கையே இல்ல! நீங்கதான வாட்ச்சு கட்டிக்கினு கீறீங்க? இந்தப் படத்த கேமரா இன்னும் எடுக்கவே இல்ல சார்! பட்டனும் வாணாம் ஒண்ணும் வாணாம், வந்துடுங்க! சார்? கேக்குதா சார்?

— அக்கா, நான் சக்திகுமாரு. சாரு போன எங்கிட்ட குடுத்துட்டு, கண்ணாடிக்கு மேல கைய நீட்டிட்டாருக்கா.