பின் சீட்டின் அடியில் ஒரு முனகல்

மாலை மங்கி விளக்கு வைக்கிற நேரம். புதுவாயலுக்குப் போகிற உள்சாலை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. மறுபக்கம் தண்ணீர் தேங்கி நாறும் வாய்க்கால்... நடுவில் ஒரு சின்ன மதகு. அதன் மேல் ஏறியதும் கார் நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஷெட்டுக்குக் கரண்ட் வர நேரமாகும். இது நம் ஜோஷ்வாவின் மச்சான் இம்மானுவேலுக்கு நடந்தது. ஜோஷ்வா இதோ இங்கேதான் இருக்கிறான். பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

இருபது வயதான கார் அது. அந்தக் காலத்து வண்டியில் சாவியைத் திருப்பினால் பின் சீட்டின் அடியிலிருந்து ஒரு முனகல் வரும். ‘ம்ம்ம்...’ இரண்டே விநாடிதான். டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் பம்பு, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற சத்தம். அது வந்தால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் இல்லை.

இம்மானுவேல் சாவியைத் திருப்பினான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தவளைச் சத்தம் மட்டும்தான்.

அந்தச் சீட்டின் மேல் அவன் மனைவி ஹெலன், பிரசவ வலியில். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். செல்லில் டவர் இல்லை. ரோட்டில் ஆளில்லை.

ஹெலனின் தலையை மடியில் வைத்திருந்த அவள் அம்மா விக்டோரியா பொறுமை இழந்தாள். “இன்னா மாப்ள, கம்பெனி மிஷினெல்லாம் நான்தான் ஓட வெக்கிறேன்னு சொல்லிக்கினு இருந்தீங்க... ஊட்டு வண்டி ஓடலையே?”

“தோ ஆச்சு அத்தை.”

ஆகவில்லை.

முதலில் ஃபியூஸ். நல்லபடியாக இருந்தது. அடுத்தது ரிலே. ரிலே என்றால் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சாவி போடும்போது ‘டிக்’ என்று திறந்து, பம்புக்குக் கரண்டை விடுகிற கதவு. பம்பின் ரிலே அன்று காலைதான் கருகிப்போயிருந்தது. ஹாரனுக்கும் அதே மாதிரி ஒரு ரிலே உண்டு. அதைப் பிடுங்கிப் பம்பின் குழியில் செருகியிருந்தான். ஹாரன் இல்லாமல் ஓட்டலாம், பம்பு இல்லாமல் முடியாதே!

அந்த ரிலேயைத் தொட்டுக்கொண்டே மாமியாரைப் பின்னாலிருந்தே எட்டிச் சாவி திருப்பச் சொன்னான். ‘டிக்.’ விரலில் அதிர்ந்தது. கதவு திறக்கிறது. அப்படியானால் ஒயரில்தான் கோளாறு. மல்லாந்து காருக்கு அடியில் போய், பம்புக்குப் போகிற ஒயரில் டெஸ்ட் லைட்டை வைத்தான். எரிந்தது. கரண்ட் வந்து சேர்கிறது. எர்த்தும் சரி. பம்பு சிக்கியிருக்குமோ என்று டேங்கைக் கட்டையால் தட்டினான்... ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருந்தது. பம்பு மட்டும் சுற்றவில்லை.

மேலே ஹெலன் அலறினாள். அவனுக்கு அடுத்து என்ன பார்ப்பது என்றே தெரியவில்லை. மண்ணில் படுத்தபடியே அழுதான்.

அப்போதுதான் ஹெலன் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக.

“இன்னாங்க... முன்னால யாரோ நடந்து போய்க்கினே இருக்காரே... நடு ரோட்டுல... அவர ஒதுங்கச் சொல்லுங்க...”

வெளியே வந்து பார்த்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில் பூச்சிதான் பறந்தது.

“யாரும் இல்ல ஹெலன்.”

“தோ... காக்கிச் சட்ட...”

ஹெலன் மீஞ்சூர்ப் பெண். அவளுக்கு இந்த மதகின் கதை தெரியாது. இம்மானுவேலுக்குத் தெரியும். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நடந்து போன அப்பாவு என்ற தொழிலாளியை முன்பு இங்கேதான் ஒரு லாரி அடித்தது. தூக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “ஒரு ஹாரன் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பேனே.” அன்றிலிருந்து கம்பெனி வேன்காரர்கள் மதகு வந்தால் ஒரு ஹாரன் அடிப்பார்கள். இம்மானுவேலும் சிரித்துக்கொண்டே அடிப்பான்.

இன்று அடிக்கவில்லை. அடிக்கவும் முடியாது.

ரிலேயைப் பிடுங்கினால் பம்புக்குக் கரண்ட் போகிற வழியே அடைபடும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பிடுங்கினான். ஹாரன் குழியில் செருகினான். ஓடிப் போய் ஸ்டியரிங்கை அழுத்தினான்.

பாம்ம்...

தவளைச் சத்தம் நின்றுபோனது. கருகிய மெஷின் ஆயில் வாடை, ஜன்னலை உரசிக்கொண்டு போனது.

“ஹாங்...” என்றாள் ஹெலன். “ஒதுங்கிட்டாரு.”

பின் சீட்டின் அடியில்... ‘ம்ம்ம்...’

விக்டோரியா இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டாள். “ஏசப்பா! இன்னாது மாப்ள இது?”

அவன் ஸ்டார்ட் செய்தான். வண்டி கிளம்பியது. பம்பின் ரிலே இருக்கவேண்டிய இடம் வெறும் குழி.

பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள். பிறகு மெக்கானிக் ஆதிகேசவன் அந்தக் குழியில் புது ரிலே மாட்டிப் பார்த்தார். பம்பு நின்றுவிட்டது. பிடுங்கினார். ஓடியது. ஒயரை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, காசே வாங்காமல் சாவியை நீட்டினார்.

ஆகவே அந்தக் கார் ஓட வழி இதுதான். பம்பின் குழியைக் காலியாக விடவேண்டும். மதகு வந்தால் ஒரு ஹாரன் அடிக்கவேண்டும். அவர் ஒதுங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும்.