புள்ளிக்குப் பின் ஓரிடம்

துல்லியம் என்ற அச்சில்தான் உலகம் சுழல்கிறது. எங்கள் அலுவலகச் சுவர்க்கடிகாரம் எப்போதும் பின்தங்கியே ஓடும். அது வேறு பிரிவின் பொறுப்பு.

மருத்துவமனையின் தரவுத்தள ஆவணத்தை எழுதியவன் நான். எந்தக் கட்டத்தில் எத்தனை இலக்கம், தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை என்று நான் அறுதியிட்டால் கணினி அப்படியே கட்டுப்படும். மருந்தளவுக்கு மொத்தம் நான்கு இலக்கம், புள்ளிக்குப் பின் ஒன்று. தலைவர் படிக்காமலே கையெழுத்திட்டார். என் எழுத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை.

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் என் தங்கைதான் தலைமைச் செவிலி. ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணே, நான் 0.05 மில்லின்னு அடிச்சா உன் கம்ப்யூட்டர் 0.1-ன்னு எடுத்துக்குது. பம்பு அதைப் பாத்துத்தான் மருந்து ஏத்துது. டபுளா போகுது."

"கிட்டத்து இலக்கத்துக்கு மாத்திக்கும். ஆவணத்துல தெளிவா போட்டிருக்கேன், படி."

"படிச்சு குழந்தைக்கு வாசிச்சுக் காட்டவா? புள்ளிக்குப் பின்னாடி இன்னொரு இடம் குடுத்தா உன் சொத்தா கரையுது?"

பெரிய இடத்துப் பேச்சு. அதன்பின் அவளும் அவளது செவிலியரும் பம்பைக் கையாலேயே திருப்பிப் பாதியாக்கினார்கள். பதிவில் 0.1, குழந்தைக்குள் போனது 0.05. ஆவணமும் நடப்பும் முரண்பட்டால் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். நான் நடப்பைத் திருத்தினேன். பம்புகளைக் கையால் திருப்ப முடியாதபடி பூட்டச் சொன்னேன். தங்கை விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்துத்தான் செய்தேன்; அவள் இருந்தால் வீண் வாய்ச்சண்டை.

அன்று பணியில் இருந்தவள் புதியவள். திரையை நம்பினாள். இன்னும் பெயர் வைக்காத குழந்தை. மாலைக்குள் இதயம் நின்றுவிட்டது.

வருந்துகிறாயா என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள், ஐயா. நான் எழுதியது எள்ளளவும் பிசகாமல் நடந்தது. எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு? தங்கை இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. அளவு தெரியாமல் கோபப்படுகிறவள்.

இரட்டிப்பாகப் போகும் என்று தெரியும். தெரிந்தே பூட்டச் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன்.

இன்னோர் இடம் ஏன் தரவில்லை என்ற கேள்வி மட்டும் பாக்கி. தந்து பார்த்தேன். ஆவணத்தின் அட்டவணை அகலமாகி, அச்சில் வலப்பக்கக் கோடு தாளுக்கு வெளியே போய்விட்டது.